ஜனவரிக்கு என்ன குறை?

தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பாருங்க. சனவரி, சூலை, திசம்பர் என்று திகதிகள் வரிசையா நிற்கும். கனமூலையில் எந்த வீட்டுக் கலண்டர்லயும் இப்படி ஒரு மாசம் கிடையாது.

இதைத் தீர்மானிச்சது எந்த அரசாங்கமும் இல்ல. விக்கியில் தெரியிற பொத்தான், அறிவிப்பு, மாதப்பெயர் எல்லாத்தையும் டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில் தன்னார்வலர்கள் தமிழாக்குறாங்க. ஆயிரக்கணக்கான துண்டு வசனங்கள். அங்க மாத்துற ஒரு வரி, விக்கிப்பீடியா, விக்சனரி என்று அந்த மென்பொருள் ஓடுற எல்லா இடத்துக்கும் போகும். போர்த்துக்கேய மொழியில பிரேசிலுக்குத் தனி வரிசை இருக்கு. ஆங்கிலத்தில் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் தனித்தனியா இருக்கு. தமிழுக்கு ஒன்றே ஒன்றுதான். சென்னைக்கும் புத்தளத்துக்கும் அதேதான்.

தமிழ்நாட்டுக்காரங்க வேலை என்று கைகாட்டவும் ஏலாது. 2003 இல் இந்தச் சொற்களைத் தமிழாக்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதன்.

புதுச் சொல்லுக்கு நான் எதிரி இல்ல. புகுபதிகை, விடுபதிகை என்றால் கெம்பஸ்ல சிரிப்பாங்க. எனக்கு அந்தச் சோடி பிடிக்கும். பொது உரையாடல் பக்கத்துக்கு ஆங்கில விக்கியில் 'ஊர்த் தண்ணிப் பம்பு' என்ற பொருளில் பேர். தமிழ்ல அது 'ஆலமரத்தடி'. வச்சவருக்குக் கை குடுக்கணும்.

ஆனா இல்லாத சொல்லை ஆக்குறது வேற, இருக்கிற எழுத்தை வெட்டுறது வேற. ஜ, ஸ, ஷ, ஹ எல்லாம் வடமொழி எழுத்தாம். இந்த நாலும் இல்லாம எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு இடாப்பு எழுத முடியுமா? ஜெஸீமா, ஹஸன், ஷிஹாப் எல்லாரும் எங்க போறது? ஜும்ஆவை, ஹஜ்ஜை எப்படி எழுதுறது? எங்கட முன்னோர் அறபுத் தமிழ் எழுதினப்போ, தமிழ் ஒலிகளுக்காக அறபு எழுத்துக்கே புதுப் புள்ளி போட்டு நீட்டினாங்க. இங்க நாலு எழுத்தைத் தாங்க ஏலாம இருக்கு.

இதைச் சொன்னா கலைப்பீடத்திலேயே கிடைக்கிற பதில்: "யாரு தமிழ்ல பாக்கிற? போனை இங்கிலீஷ்ல வை." இலக்கணம் படிச்சு சோதனை எழுதுற ஆக்கள் சொல்ற பேச்சா இது? இந்த வேலைக்குத் தேவையே அந்த இலக்கணம்தான். வசனத்தில் பேர் வாற இடத்தை வெறுமையா விட்டுத்தான் தருவாங்க. பாத்திமா வந்தா 'பாத்திமாவை', ரிஸ்வான் வந்தா 'ரிஸ்வானை' என்று ஆகணும். மென்பொருள் அதைத் தானா செய்யாது. வேற்றுமை உருபை அப்படியே ஒட்டினா 'பாத்திமாஐ' என்று விழும். 'பாத்திமா என்ற பயனரை' என்று வசனத்தையே திருப்பிப் போடத் தெரிஞ்ச ஆள் வேணும்.

கணக்குத் திறக்கக் காசு இல்ல. போய் 'ஜனவரி' என்று எழுதிப் பாருங்க. யாராவது திருப்பி மாத்தினா, ஏன் என்று ஆலமரத்தடியில கேளுங்க. அவங்க காரணம் சொல்லட்டும். நாங்க இடாப்பைக் காட்டுவம்.