ஆளுக்கேற்ற ஆசனம்



எங்கள் அயலில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1995 இடப்பெயர்வின்போது வலது தோளில் பட்ட செல் துண்டு இன்றும் உள்ளேயே இருக்கிறது. கழுத்தை முழுமையாகத் திருப்ப முடியாது. நடக்க இயலாத தங்கையை மாதந்தோறும் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்வது கணவர் விட்டுச்சென்ற பழைய காரில்தான். கடந்த மாதம் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது மதிலில் இடித்துவிட்டார்.

"வித்துப்போடுங்கோ அம்மா எண்டு மகன் கனடாவிலயிருந்து சொல்லுறான், பிள்ளை. வித்தால் தங்கச்சியைக் கொண்டுபோக நான் ஆரைக் கேக்கிறது?" என்றார்.

அவரைச் சாரதி ஆசனத்தில் இருத்திப் பார்த்தேன். கணவர் நல்ல உயரம். அவர் இறந்து பத்து வருடமாகியும் ஆசனம் அவருடைய அளவிலேயே இருந்தது. முன்னுக்குத் தள்ளும் பிடி துருப்பிடித்து இறுகிவிட்டது. ரீச்சர் முதுகுக்கொன்று, கீழே ஒன்று எனத் தலையணை வைத்துச் சமாளித்திருக்கிறார். காயம் நோகிறதென்று ஆசனப்பட்டியைக் கக்கத்துக்குக் கீழால் விட்டிருந்தார்.

வயதாகும்போது உயரம் குறைகிறது, மூட்டுக்கள் இறுகுகின்றன. இதற்காகவே அமெரிக்காவில் 'கார்ஃபிட்' என்றொரு திட்டம் உண்டு. பயிற்சி பெற்றவர்கள் முதியவரைக் காரில் இருத்தி 12 விடயங்களைப் பார்ப்பார்கள். ஓட்டத் தெரியுமா என்று சோதிப்பதில்லை. வாகனம் ஆளுக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

முக்கியமானவற்றை முற்றத்திலேயே, எஞ்சினை நிறுத்திவிட்டு நீங்களும் பார்க்கலாம்.

ஆசனம்: கிளச்சையும் பிறேக்கையும் அடிவரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்ரியரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 10 அங்குல இடைவெளி வேண்டும். காற்றுப்பை உள்ள வாகனங்களில் இது மிக அவசியம்.

பார்வை: கண்கள் ஸ்ரியரிங்கின் மேல்விளிம்பைவிட 3 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் இறுக்கமான மெத்தை வையுங்கள். மென்மையான தலையணை கூடாது, விபத்தில் உடல் பட்டிக்குக் கீழால் வழுகிவிடும்.

பட்டி: இலங்கையில் 2011 முதல் முன் ஆசனங்களுக்குக் கட்டாயமானது. மேற்பட்டி தோளின் நடுவாலும், கீழ்ப்பட்டி வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பிலும் செல்ல வேண்டும். கக்கத்துக்குக் கீழால் விட்டால் விலா எலும்புகள் முறியலாம்.

தலைதாங்கி: கழுத்துக்கு அல்ல, பின்தலைக்கு நேரே இருக்க வேண்டும்.

கண்ணாடி: பக்கக் கண்ணாடிகளை, சொந்தக் காரின் ஓரம் மட்டுமட்டாகத் தெரியும்வரை வெளிப்புறம் திருப்புங்கள். கழுத்துத் திரும்பாதவர்கள் அவற்றின் மேல் சிறிய குவிவுக் கண்ணாடி ஒட்டலாம். பின் ஒருவரைக் காரைச் சுற்றி நடக்கவிட்டு, அவர் எங்கே மறைகிறார் என்று பாருங்கள்.

ஆனால் பழகிய பாதை மறந்துபோவது, பிறேக்குக்குப் பதில் வேகமிதியை மிதிப்பது போன்றவை ஆசனத்தால் தீராதவை. காரை நிறுத்திவைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

கராஜ் தம்பி எண்ணெய் விட்டுப் பிடியை இளக்கித் தந்தார். ஆசனம் முன்னுக்கு வந்து சற்று உயர்ந்ததும் பட்டியும் காயத்தைவிட்டு விலகியது. இந்த மாதமும் தங்கையைக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்று வந்த ரீச்சர், "இத்தனை வருஷமும் நான் அவற்ற சீற்றில எல்லோ இருந்திருக்கிறன்!" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டு மூத்தவரிடமும் "இனி ஓடாதேங்கோ" என்று சொல்லுமுன், ஒருமுறை "ஏறி இருந்து காட்டுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள்.