விரக்தி இல்லை, இழுபறி

ஹெர்பர்ட்ஸ்மிதைட் என்று ஒரு பச்சைக் கனிமம் இருக்கு. செம்பும் நாகமும் குளோரினும் சேர்ந்தது. சிலி நாட்டில் கிடைத்து, 2004இல் பெயர் பெற்றது. பௌதிகக்காரர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது நிறத்துக்காக இல்லை, உள்ளே நடக்கிற சண்டைக்காக.

இதில் ஒவ்வொரு செம்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தத்துக்கு எதிர்த்திசையில் நிற்கத்தான் அதற்கு விருப்பம். பெரகல பக்கத்து லயம் ஒன்றை நினைச்சுக்கொள்ளுங்க. பக்கத்து வீடு எந்தக் கட்சியோ அதற்கு எதிர்க்கட்சிதான் நாங்க என்று ஒவ்வொரு வீடும் நின்றால் பிரச்சினையே இல்லை, ஒன்றுவிட்டு ஒன்று சரியா வரும். ஆனால் மூன்று வீடுகள் ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தால்? முதல் ரெண்டும் எதிரெதிர். மூன்றாவது வீடு யாருக்கு எதிர்? செம்பு அணுக்கள் இந்தக் கல்லில் அப்படித்தான் முக்கோணம் முக்கோணமாக மாட்டிக்கொண்டிருக்கு. குளிரக் குளிர மற்றக் காந்தங்கள் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். இது தனிப்பூச்சியத்துக்கு மேலே 0.05 கெல்வின் வரை குளிர்த்தியும் ஒழுங்குக்கு வரவில்லை என்று 2007இல் வெளியான அளவீடுகள் காட்டின.

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் பிரஸ்ட்ரேஷன் என்று பெயர். அகராதியைத் திறந்தால் 'விரக்தி' என்று வரும். எனக்கு அது கொஞ்சமும் பொருந்தலை. விரக்தி வந்தவர் எல்லாத்தையும் விட்டுட்டு உட்கார்ந்துவிடுவார். இந்தக் காந்தங்கள் உட்காருவதே இல்லையே! ரெண்டு ரெண்டாகச் சோடி சேர்ந்து, சோடியை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு நிலையை முக்கோண அமைப்புக்கு 1973இல் அன்டர்சன் முன்வைத்தார். 1987இல் அவரோடு சேர்ந்து அந்த யோசனையை மீக்கடத்திகளுக்கு வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். ஹெர்பர்ட்ஸ்மிதைட்டில் நடப்பதும் அதேதானா என்ற விவாதம் முடியலை. நாகம் இருக்க வேண்டிய இடத்தில் செம்பு புகுந்து அளவீட்டைக் குழப்புது. 'இழுபறி' என்று சொன்னால் எங்க ஆச்சிக்கும் விளங்கும்.

செம்பு அணுக்களின் இந்த வலையமைப்புக்குப் பெயர் ககோமே. ஜப்பானிய மொழியில் 'கூடையின் கண்'. 1951இல் ஸ்யோசி என்ற ஜப்பானியர் தன் கட்டுரையில் அந்தச் சொல்லை வைத்தார், உலகம் அப்படியே எடுத்துக்கொண்டது. கூடைக்காரர் சொல் பௌதிகத்துக்குக் கௌரவக் குறைவாகப் படவில்லை.

நம்ம தோட்டப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. நான் கலைப்பீடத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேணும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சொல்லுக்குக் காசு தேவையில்லை. அடுத்த முறை கலைச்சொல் குழு கூடும்போது, கூடை முடைகிற ஒருவருக்கும் ஒரு கதிரை போடட்டும்.