எஸ்-3 படிவம் லீவு சர்டிஃபிகேட் இல்லீங்க

கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்-3னு ஒரு மருத்துவச் சான்று வைக்கணும். 2016 ஆயுத விதிகள் கேக்குறது. இவருக்கு மனநலம் சரியா இருக்கு, உடல் தகுதி இருக்கு, போதைக்கு அடிமை இல்லைன்னு ஒரு டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடணும். இதை மூணு நாள் காய்ச்சலுக்கு லீவு லெட்டர் வாங்குற மாதிரி வாங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கும், பார்க்காமலே போட்டுக் கொடுக்கிற என் சக டாக்டர்களுக்கும்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல சட்டம். அமெரிக்க சீரியல் பார்த்துட்டு "துப்பாக்கி வாங்கிட்டு அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்ல?"னு கேக்குறாங்க. அங்க மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற. பல மாநிலங்கள்ல ஒருத்தர் இன்னொருத்தருக்கு எந்தச் சரிபார்ப்பும் இல்லாம வித்துடலாம். இங்க நாடு முழுக்க 1959 ஆயுதச் சட்டம் ஒண்ணுதான், வரிசையும் தலைகீழ். ஆளுக்கு லைசென்ஸ் முதல்ல, துப்பாக்கி அப்புறம். சென்னைன்னா போலீஸ் கமிஷனர், மாவட்டம்னா கலெக்டர். 21 வயசு ஆகியிருக்கணும். லோக்கல் ஸ்டேஷன் அறிக்கை வரணும். வாங்கின துப்பாக்கியோட நம்பர் லைசென்ஸ்ல ஏறணும்.

கைமாத்துறதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. "அப்பா ரிவால்வர் எனக்குத்தானே?" சொத்தா உங்களுக்கு வரலாம், வீட்ல வச்சுக்கிற உரிமை வராது. லைசென்ஸ் அப்பா பேருக்குக் கொடுத்தது, அவரோட முடிஞ்சுது. துப்பாக்கியை உடனே ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர்கிட்டயோ ஒப்படைச்சுட்டு, வாரிசா உங்க பேர்ல விண்ணப்பிக்கணும். அப்பா உயிரோட இருக்கும்போதே வாரிசுக்குக் கொடுக்கணும்னா அவருக்கு 70 வயசு ஆகியிருக்கணும், இல்லன்னா அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்திருக்கணும். ஞாபகார்த்தமா பீரோவுல துணிக்கு அடியில வச்சிருந்தா? 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில்.

நண்பருக்கு விக்கணும்னா அவருக்கும் லைசென்ஸ் வேணும். அவர் பேர், விலாசத்தோட மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துட்டு 45 நாள் காத்திருக்கணும். என்ன நோக்கத்துல அந்த 45 நாளை வச்சாங்களோ, ஒரு டாக்டரா எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கோபமோ விரக்தியோ அவ்வளவு நாள் அதே சூட்டுல நிக்காது.

இவ்வளவு இறுக்கமான சட்டத்துல ஓட்டை எங்க இருக்கு? எங்க மேஜையில.

ஆள்மேல கேஸ் இருக்கான்னு போலீஸ் பார்க்குது. துப்பாக்கிக்கு நம்பர் இருக்கு. மனசு எப்படி இருக்குன்னு சொல்ல இருக்கிறது எஸ்-3 மட்டும்தான். எங்கிட்ட ஒரு தடவை இந்தப் படிவத்தோட ஒருத்தர் வந்தார். விண்ணப்பிக்கிறவர் எங்கன்னு கேட்டேன். "ஐயா கார்ல இருக்கார், ஏசி போட்டு உக்காந்திருக்கார், நீங்க போடுங்க டாக்டர்." மனநலம் சரின்னு எழுதணும், ஆனா ஆளு காரை விட்டு இறங்க மாட்டார்! போட மாட்டேன்னு அனுப்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள வேற இடத்துல வாங்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். பொய்ச் சான்று கொடுத்தா மருத்துவப் பதிவேட்டுல இருந்து பேரையே நீக்கலாம்னு விதி இருக்கு. யாருக்கு அந்தப் பயம்?

இன்னொண்ணு. 2019 திருத்தம் தண்டனையைக் கூட்டுச்சு, ஒரு ஆள் வச்சுக்கக்கூடிய துப்பாக்கியை மூணுலேருந்து ரெண்டாக் குறைச்சுது. எல்லாம் சரி. அதே கையால லைசென்ஸ் காலத்தை 3 வருஷத்துலேருந்து 5 வருஷமா நீட்டுச்சு. அஞ்சு வருஷத்துல ஒரு மனுஷனுக்கு தொழில் நஷ்டம், விவாகரத்து, குடின்னு என்னென்னவோ வரும். நான் இன்னைக்குப் போடுற கையெழுத்து இன்னைக்கு இருக்கிற மனசுக்கு மட்டும்தான். லைசென்ஸ்தாரர் தகுதி இழந்தா ரத்து பண்ண சட்டத்துல இடம் இருக்கு, ஆனா அதை யார் போய்ச் சொல்றது?

"தற்காப்புக்குத்தானே டாக்டர்?" ஈக்காட்டுத்தாங்கல்ல இருந்து கத்திப்பாரா தாண்டி மவுண்ட்-பூந்தமல்லி ரோட்ல போனா ராமாபுரம். 1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆரை அவர் வீட்லயே எம்.ஆர்.ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கிட்டார். சுட்டவர் முகம் தெரியாத திருடன் இல்ல, சேர்ந்து பல படம் நடிச்சவர், பேச வந்தவர். ரெண்டு பேரையும் காப்பாத்தினது அரசு பொது மருத்துவமனை (எங்க பெருமையையும் சொல்லிக்கிறேன்). எம்.ஜி.ஆர் குரல் கடைசி வரைக்கும் பழையபடி ஆகல.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் தற்கொலை. என்சிஆர்பி கணக்குப்படி 2022ல தமிழ்நாட்டுல 19,834 பேர். துப்பாக்கியால போறவங்க இதுல கொஞ்சம்தான், ஒத்துக்கிறேன். காரணம் என்ன? வீட்ல துப்பாக்கி இல்ல. இலங்கையில கொடிய பூச்சிமருந்துகளைத் தடை பண்ணப் பண்ண தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழ போச்சு. பக்கத்துல கருவி இல்லன்னா அந்த நேரம் கடந்து போகும். விஷம் குடிச்சு வர்றவங்களுக்கு வயிறு கழுவி, அட்ரோபின் போட்டு, எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கோம். தலையில சுட்டுக்கிட்டவங்க பெரும்பாலும் கேஷுவாலிட்டி வரைக்கும் வர்றதே இல்ல.

அதனால நான் கேக்குறது இது. எஸ்-3 அரசு மருத்துவமனை மனநல ஓ.பி.யில மட்டும் கொடுக்கணும். ஓ.பி. நம்பர், டாக்டர் பதிவு எண் ரெண்டும் ஃபைல்ல இருக்கணும். புதுப்பிக்கும்போதும் அதே. நானே எம்பிபிஎஸ்தான். எங்க படிப்புல மனநலத்துக்குக் கிடைக்கிறது சில வாரம். "மனநல டாக்டருக்கு எங்க போறது?"னா, சென்னையில கீழ்ப்பாக்கத்துல, 1794ல தொடங்கின ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. துப்பாக்கி கேக்குறவர் ஒரு நாள் வரிசையில நிக்கட்டும், ஒண்ணும் ஆகாது.

ஒரு எதிர்க்கேள்வி நியாயமானது. லைசென்ஸ் போயிடும்னு பயந்து வியாதியை மறைப்பாங்களே? டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுறவர் குற்றவாளி இல்ல. அதனால உடனே ரத்துன்னு போகாம, சரியாகுற வரைக்கும் துப்பாக்கியை டீலர்கிட்ட பாதுகாப்புக்கு வைக்கிறதை வழக்கமாக்கணும்.

அதுவரைக்கும் வீட்ல இருக்கிறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவர் சரியாத் தூங்கல, குடி கூடிப்போச்சு, "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்"னு பேசுறார்னா, அவர்கிட்ட பேசி அன்னைக்கே டீலர்கிட்டயோ ஸ்டேஷன்லயோ ஒப்படைக்க வைங்க. தயங்கினா 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பாங்க.