ஊர்தியும் இன்னிசையும்

இயல், இசை, நாடகம் என முத்தமிழ் வகுத்த நம் முன்னோர், அரங்கினையும் கோயிலினையும் வயற்புறத்தினையும் இசைக்குரிய இடங்களாகக் கண்டனர். இக்காலத்திலோ இசை சக்கரமேறிவிட்டது. வீட்டிற் பாட்டுக் கேட்கப் பொழுதில்லாதவனும் வண்டியிற் கேட்கின்றான். ஆதலின், ஊர்தியில் இசை எங்ஙனம் ஒலித்தல் வேண்டும் என்னும் வினா, கேளிக்கை விரும்புவார்க்கு மட்டும் உரியதன்று. சாலையிற் செல்வார் அனைவர்க்கும் உரியதாம். இதுபற்றி எம் கருத்தினைக் கல்லூரி அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

எம்மூராகிய சிறுவாச்சூர், பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளியினின்று சென்னை செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்துள்ளது. மதுரகாளியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூரில், திங்கட்கிழமைகளிலும் வெள்ளிக்கிழமைகளிலும் வழிபட வருவாருடைய வண்டிகள் வரிசை வரிசையாய் நிற்கும். அவற்றுட் சில, கண்ணுக்குத் தோன்றுமுன்னரே காதுக்குத் தோன்றுவன. உள்ளே நோக்கின், வண்டியோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, அவ்விடத்து அகன்ற திரையுடைய வேறொன்றைப் பதித்திருத்தல் காணலாம். பாட்டு நன்றாகக் கேட்கவில்லை, ஆகவே மாற்றினோம் என்பர் உடையோர். அவர் கூறும் நோய் மெய்யே, மருந்துதான் பொருந்தாதது. தொழிற்சாலையிற் பொருத்தப்பெற்ற ஸ்டீரியோவை அதன் இடத்தேயே நிறுத்தி, அதற்குப் பின்னுள்ள உறுப்புக்களைத் திருத்துதலே நல்லிசைக்கும் நற்காவலுக்கும் வழி என்பது எம் துணிபு.

கழற்றி மாற்றும் இவ்வழக்கம் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கால்வின் உடன்பிறந்தார் 'மோட்டோரோலா' என்னும் பெயரால் ஊர்தி வானொலியை விற்கத் தொடங்கினர். நம் பகுதியில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் திறக்கப்பெற்றது 1939-ஆம் ஆண்டிலாம். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கேசட்டினை வெளியிட்டனர். பின்னர் அது வண்டிக்குள்ளும் புகுந்தது. அம்பாசடரும் மாருதி 800-உம் மிகுதியாக ஓடிய காலத்தில், வண்டியை வாங்கிய பின்னரே பலர் கடைக்குச் சென்று ஸ்டீரியோ வாங்கிப் பொருத்தினர். அக்காலத்து ஸ்டீரியோ தனித்ததொரு பெட்டி. அதற்குரிய துளை ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உடையதாய்ப் பல வண்டிகளிலும் ஒத்திருந்தது. ஒன்றை உருவி மற்றொன்றைச் செருகினால், வண்டிக்கு ஒரு குறையும் நேராது. அன்று அது தக்க செயலே.

இன்று நிலைமை வேறு. இக்காலத்து ஸ்டீரியோ பாட்டுப் பெட்டி மட்டுமன்று. வண்டியின் நரம்பு மண்டலத்தில் ஓர் உறுப்பு. ஸ்டீரிங்கிலுள்ள பொத்தான்கள் அதனோடு பேசுகின்றன. பின்புறக் காமிராவின் காட்சி அதன் திரையில் விழுகின்றது. கைபேசி அழைப்பு அதன் வழியே வருகின்றது. இவற்றினும் பெரிதொன்றுண்டு. 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்களில், இருக்கைவார் அணியாதாரை எச்சரிக்கும் ஒலியும், மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடப்பின் விட்டுவிட்டும் 120 கிலோமீட்டரைக் கடப்பின் விடாமலும் எழும் ஒலியும், பின்னோக்கிச் செல்லுங்கால் தடையை உணர்த்தும் கருவியும் கட்டாயமாயின. சில வண்டிகளில் இவ்வெச்சரிக்கை ஒலிகள் ஸ்டீரியோவின் வழியாகவே வெளிப்படுவன. அத்தகைய வண்டியில் ஸ்டீரியோவைப் பெயர்த்தவன், பாட்டுக்காகக் காவலாளியையும் பணிநீக்கம் செய்தவனாகின்றான். இவ்விணைப்புக்களைக் காக்கும் இடைக்கருவிகள் கடைகளில் உண்டு என்பது மெய்யே. ஆயினும் அவற்றுக்குத் தனி விலை உண்டு. மலிவு நாடிச் செய்யும் வேலையில் ஏதேனும் ஒன்று விடுபட்டுப் போதலும் உண்டு.

இனி, குறை உண்மையில் எங்குள்ளது என்பதை ஆராய்வோம். ஓடும் வண்டியில் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட்டு. அவ்வழுத்தத்தை நேரே கொண்டு இயங்கும் கருவி, வழக்கமான 4 ஓம் தடையுள்ள ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும், ஓசை சிதையாமல், ஏறத்தாழ 20 வாட்டு ஆற்றலே அளிக்கவியலும். இஃது இயற்கை வகுத்த எல்லை. பெட்டியின்மேல் 'நான்கு முறை 50 வாட்டு' என்று அச்சிட்டிருப்பினும், அது கணப்பொழுது உச்சத்தைக் குறிப்பதேயன்றித் தொடர்ந்து தருவதைக் குறிப்பதன்று. இதனால் விளங்குவது யாது? பழைய ஸ்டீரியோவைக் கழற்றிப் புதிய திரையை மாட்டினும், உள்ளிருக்கும் ஆற்றல் பெரும்பாலும் அதே அளவினதாம். முகம் மாறிற்று, மூச்சு மாறவில்லை.

மெய்யான குறைகள் வேறிடங்களில் உள. விலையைக் குறைத்தற்பொருட்டுப் பல தொழிற்சாலைகள் மெல்லிய கூம்பும் சிறு காந்தமும் உடைய ஸ்பீக்கர்களையே பொருத்துகின்றன. அவற்றைத் தாங்கும் கதவோ மெல்லிய தகடு. ஸ்பீக்கர் அதிருங்கால் தானும் அதிர்ந்து, பாட்டோடு ஒவ்வாத தன் பாட்டையும் பாடும். மூன்றாவது, சாலையின் இரைச்சல். எம்மூரிருக்கும் அதே நெடுஞ்சாலையில், நாரணமங்கலத்தில், எம்.ஆர்.எப். டயர்த் தொழிற்சாலை உளது. டயர் வண்டிக்கு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இசைக்குப் பகையுமாம். கார் சற்று விரைந்தவுடன் எஞ்சின் ஒலியினும் டயரும் சாலையும் உராயும் ஒலியே மிகுந்து, மிருதங்கத்தின் தொப்பியோசையையும் வீணையின் கமகத்தையும் விழுங்கிவிடும். அவ்விரைச்சலை வெல்ல ஒலியை ஏற்றுகின்றோம். ஏற்றியவுடன் சிறு ஸ்பீக்கர் சிதறுகின்றது. உடனே ஸ்டீரியோவைப் பழிக்கின்றோம்.

ஆகலின், திருத்தம் முறைப்படி நடைபெறல் வேண்டும். முதலாவது கதவு. பியூட்டைல் என்னும் பிசினோடு அலுமினியத் தகடு படிந்த விரிப்புக்களைக் கதவின் உட்புறத்தில் ஒட்டினால், தகட்டின் நடுக்கம் அடங்கும். இது கண்ணுக்குத் தெரியாத வேலையாதலின் பலர் விரும்புவதில்லை. ஆயினும் கொடுத்த பணத்துக்குத் தப்பாமற் பயன் தருவது இதுவே. இரண்டாவது ஸ்பீக்கர். தாழ்ந்த ஓசைக்குக் கதவில் ஒன்றும், உயர்ந்த ஓசைக்குக் காதின் உயரத்துக்கு அணித்தாக ட்வீட்டர் ஒன்றும், அவ்விரண்டுக்கும் ஓசையைப் பகுத்தளிக்கும் கிராஸோவரும் அமைந்த தொகுதி சிறந்தது. பலர்க்கு இவ்விரண்டே போதும். மூன்றாவது ஆம்ப்ளிபயர். இதுவே ஆற்றலின் எல்லையைக் கடக்கும் கருவி. ஸ்டீரியோவினின்று ஸ்பீக்கருக்குச் செல்லும் ஓசையையே வாங்கிக் கொள்ளும் ஆம்ப்ளிபயர்கள் இப்பொழுது உண்டு. அல்லாதவற்றுக்கு, அவ்வோசையைக் குறைத்துத் தரும் சிறு மாற்றுக் கருவி இடையே வைக்கப்படும். எனவே, மூல ஸ்டீரியோ இருந்தபடியே இருக்க, அதன் குரல் மட்டும் வலுப்பெறும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலரங்கின் இசைக்கருவிகளைக் கூறுமிடத்து, குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்பற்றி நின்ற முறைமையைக் காட்டுகின்றார். ஒன்று மற்றொன்றைத் துரத்தவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு முன்னதன் வழி நின்றது. ஊர்தியிலும் அம்முறையே வேண்டும். ஸ்டீரியோ வழி ஆம்ப்ளிபயரும், ஆம்ப்ளிபயர் வழி ஸ்பீக்கரும், ஸ்பீக்கர் வழி கதவும் நிற்குமாயின், இசை தானே நிரம்பும்.

மூல ஸ்டீரியோவுக்குக் குறையே இல்லையென்று யாம் வழக்கிடவில்லை. சில வண்டிகளில் அது, சிறு ஸ்பீக்கரைக் காத்தற்பொருட்டு, ஒலியை ஏற்றுந்தோறும் தாழ்ந்த ஓசையைத் தானே குறைத்துவிடும். நல்ல ஸ்பீக்கர் இட்ட பின்னரும் அக்குறை தொடரும். இதனைப் பெரிதும் நேர்செய்யவல்லது டி.எஸ்.பி. என்னும் ஓசை திருத்தும் கருவியாம். வேறு சில உயர்விலை வண்டிகளில் தொழிற்சாலையே தனி ஆம்ப்ளிபயரை வைத்து, அதற்கிசைந்த குறைந்த தடையுள்ள ஸ்பீக்கர்களையும் இட்டிருக்கும். அங்கே ஸ்பீக்கரை மட்டும் மாற்றுதல் கேடாக முடியலாம். காமிராவும் கைபேசி இணைப்பும் இல்லாத பழைய வண்டியாயின், ஸ்டீரியோவை மாற்றுதலில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, மாற்றுவோர் மாற்றுக. எம் வழக்கு, இருப்பதை ஆராயாது எறிவாரோடேயாம்.

வேலையைச் செய்விக்கும் முறையும் கருதத்தக்கது. தொழிற்சாலை இட்ட வயர்களை வெட்டி முறுக்கி ஒட்டுவதை ஒருபோதும் இசையற்க. அவ்வவ்வண்டிக்குரிய கப்ளர்கள் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு இணைப்பின், வாரண்டி பற்றிய வழக்கு எழுவதற்கும் இடம் குறையும், வேண்டுங்கால் பழைய நிலைக்கு மீள்வதும் எளிதாம். ஆம்ப்ளிபயருக்குரிய தடித்த வயர் பாட்டரியினின்று நேரே வருதல் வேண்டும். பாட்டரிக்கு மிக அணித்தே பியூஸ் இடுதல் வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்து ரப்பர் வளையம் இடுதல் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து, வயர் தேய்ந்து தகட்டைத் தொடின் வண்டியே தீப்பற்றும். ஓசை செல்லும் வயரை மின்வயரோடு சேர்த்துக் கட்டின், எஞ்சின் விரைவுக்கேற்ப ஏறியிறங்கும் ஊளையொன்று பாட்டினிடையே புகும். இவற்றைக் கேட்டறிந்து செய்விப்பவனே உடையவன். கடைக்காரர் செய்ததே செய்கையென்று இருப்பவன் வண்டியை ஒப்படைத்தவனேயன்றி உடையவனல்லன்.

இனி, யாம் முடிவாகக் கூறவிழைவது ஒன்றுண்டு. நல்ல ஒலி வேறு, பேரொலி வேறு. ஒலி இருமடங்காகச் செவிக்குத் தோன்ற, ஆற்றல் ஏறத்தாழ பதின்மடங்கு வேண்டும். ஆகவே பேரொலியை நாடுவானுக்கு எவ்வளவு செலவிடினும் நிறைவில்லை. தெளிவை நாடுவானோ, கதவை அடக்கி ஸ்பீக்கரை மாற்றிய அன்றே, முன்னினும் குறைந்த ஒலியில் முன்னினும் மிகுதியாகக் கேட்கின்றான்.

செவியின் கணக்கும் இதுவே. உலகச் சுகாதார நிறுவனம், 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், அது 90 ஆயின் 4 மணி நேரமே கேட்கலாம் என்றும் வரையறுத்துளது. பிறக்குங்கால் நம் உட்செவி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள. அவை அழியின் மீண்டும் முளைப்பதில்லை. வண்டியின் ஸ்டீரியோவுக்கு மாற்று உண்டு. படைப்பில் வந்த இம்மூலக்கருவிக்கு அங்ஙனம் மாற்றில்லை.

பிறர் செவியும் நம் பொறுப்பிற்குட்பட்டதே. பேருந்தில் ஒலியைக் குறைக்கும் பொத்தான் பயணியின் கையில் இல்லை; கைக்குழந்தையோடு செல்லும் தாயும், தேர்வுக்குச் செல்லும் மாணவனும் ஓட்டுநர் ஏற்றிய ஒலியையே உண்டு செல்கின்றனர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் எல்லையை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடந்தருகின்றன. 2008 முதல் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் 108 ஆம்புலன்ஸின் கூவலும் வண்டிக்குள் வந்து எட்டுதல் வேண்டும். கண்ணாடியை ஏற்றிப் பாட்டையும் ஏற்றியவன், பின்னே வருவது ஓர் உயிர் என்பதை எங்ஙனம் அறிவான்?

ஆதலின் நண்பர்காள்! நும் தந்தையார் வண்டியையோ, நாளை நீவிர் வாங்கும் வண்டியையோ திருத்தப் புகுமுன், மூன்று வினாக்களை எழுப்புமின்: இதனைக் கழற்றின் வேறெவை வாயடைக்கும்? குறை முகத்திலோ, மூச்சிலோ? யாம் வேண்டுவது தெளிவோ, ஆரவாரமோ? இவற்றுக்கு விடை கண்டு செய்வார்க்குப் பணமும் எஞ்சும், பாட்டும் இனிக்கும், செவியும் நெடுநாள் நிலைக்கும்.