தெரிவு என்னும் தீர்ப்பு

விளையாட்டு எப்பொழுது குழந்தையின் கையினின்றும் நழுவிப் பெரியோரின் உடைமையாகின்றது? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இயங்கும் சிறுவர் சீருடற்பயிற்சிக் கழகங்களில் நிலவும் 'அணித் தெரிவு' என்னும் வழமையை நோக்குதல் வேண்டும். ஆறு, ஏழு வயதுச் சிறுமியர் வரிசையாக நிறுத்தப்படுகின்றனர். கைகளை ஊன்றித் தலைகீழாய் நின்று காட்டுகின்றனர், கயிறேறுகின்றனர், சட்டத்திற் தொங்கியவாறு கால்களை உயர்த்துகின்றனர். பயிற்றுநர் குறிப்பேட்டிற் புள்ளியிடுகின்றார். பின்னர் ஒரு பெயர்ப்பட்டியல் வெளியாகின்றது. அதில் இடம்பெற்றோர் அணியினர். ஏனையோர் பொழுதுபோக்கு வகுப்பினர்.

இதனைத் திறமையை இனங்காணல் என்று அழைக்கின்றனர். இப்பெயர் பொருந்தாது. ஏழு வயதில் அளக்கப்படுவது அன்றைய உடலின் அளவும், முன்பே கிடைத்த பயிற்சியும், பெற்றோரின் வசதியுமே. எதிர்காலத் திறமையை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. ஆகவே இது முற்கூட்டி வழங்கப்படும் தீர்ப்பாகும். அத்தீர்ப்புக்கான செலவைப் பெற்றோர் பணத்தாலும், குழந்தை தன் உடலாலும் மௌனத்தாலும் செலுத்துகின்றனர் என்பதே யாம் கூற விழைவது.

சீருடற்பயிற்சி இயல்பிலேயே சிறுமியர்க்குரியது என்னும் எண்ணம் அண்மைக் காலத்தது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஒட்டுமொத்தச் சாம்பியனான சோவியத் வீராங்கனை மரியா கொரொகோவ்ஸ்கயாவுக்கு வயது 30. 1960இல் ரோமில் இரண்டாம் முறையாக வென்ற லரிசா லத்தினினாவுக்கு 25. 1968இல் மெக்சிக்கோவில் வென்ற செக்கோஸ்லோவாக்கிய வீராங்கனை வேரா சஸ்லாவ்ஸ்காவுக்கு 26. இவர்களெல்லாம் வளர்ந்த பெண்கள். 1976இல் மொன்றியலில் 14 வயது நாடியா கொமனேச்சி முதன்முதலாகப் பத்துக்குப் பத்துப் புள்ளி பெற்றார். அவருடைய ஆற்றலை மறுப்பார் இலர். ஆனால் அதிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் தவறானது. குழந்தை உடலே இவ்விளையாட்டின் இலட்சிய உடலென்று அரச விளையாட்டுப் பள்ளிகளும், பின்னர் தனியார் கழகங்களும் முடிவு கட்டின. சர்வதேசப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயது 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. எனினும் அவ்விதி காவல் செய்வது ஒலிம்பிக்கின் வாசலை மட்டுமே. கழகத்தின் வாசலில் நிற்கும் ஏழு வயதுச் சிறுமிக்கு அதனால் யாதொரு பாதுகாப்பும் இல்லை.

முதலிற் பணத்தை நோக்குவோம். அணிக்குத் தெரிவானதும் மாதாந்தக் கட்டணம் உயர்கின்றது. அணியுடை, போட்டி நுழைவுக் கட்டணம், பிரயாணம், தங்குமிடம், உடன்செல்லும் பயிற்றுநரின் செலவிற் பங்கு என்று பட்டியல் நீள்கின்றது. தெரிவு பெற்ற பெருமிதத்தில் மூழ்கியிருக்கும் பெற்றோர் கணக்குக் கேட்கத் தயங்குவர். இடம் பறிபோய்விடுமோ என்னும் அச்சமும் அவர்கள் வாயை அடைக்கும். அமெரிக்காவிற் பெற்றோர் ஒன்றுகூடி நிதி திரட்டும் சங்கங்களை அமைப்பதுண்டு. அத்தகைய சங்கமொன்றின் வழக்கில் அந்நாட்டு வரி நீதிமன்றம் 2013இல் வழங்கிய தீர்ப்பு சிந்தனைக்குரியது. பொருள் விற்று நிதி திரட்டிய பெற்றோரின் இலாபம் அவரவர் பிள்ளையின் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டது. திரட்ட இயலாதோரின் பிள்ளைகளுக்கு அதிற் பங்கில்லை. இது பொதுநலத் தொண்டாகாது எனக் கூறி அச்சங்கத்துக்கு வரிவிலக்கு மறுக்கப்பட்டது. கூட்டுறவின் போர்வையிலும் தனியார் நலனே வளர்ந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பணச் செலவினும் கொடியது உடல் செலுத்தும் விலை. தெரிவு ஒருநாளோடு முடிவதன்று. ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு படிநிலையிலும் அது திரும்ப வரும். பயிற்றுவிப்பவரே தெரிவு செய்பவராகவும் இருக்கும்போது, 'வலிக்கிறது' என்று சொல்லும் குழந்தை தன் இடத்தைப் பணயம் வைத்தே அதனைச் சொல்கின்றது. 1978இன் உலகச் சாம்பியன் எலேனா முகினா, கால் முறிவு முற்றாகக் குணமாகுமுன் பயிற்சிக்கு மீள்விக்கப்பட்டார். 1980இல் மொஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில நாட்களின் முன் கழுத்து முறிந்து, 2006இல் இறக்கும்வரை செயலிழந்த உடலோடு வாழ்ந்தார். அமெரிக்க வீராங்கனை கிறிஸ்ரி ஹென்றிக் 1988இல் ஒலிம்பிக் அணித் தெரிவில் 0.118 புள்ளியால் இடமிழந்தார். உடல் பருமனென்று ஒரு நடுவர் கூறிய சொல்லும் அவரை வாட்டியது. உணவை வெறுக்கும் நோய்க்கு ஆளாகி 1994இல் 22ஆம் வயதில் மாண்டார்.

இவை தனிமனிதச் சோகங்கள் மட்டுமே என்பார்க்கு விசாரணை அறிக்கைகள் பதிலளிக்கின்றன. 2022இல் பிரித்தானியாவில் வெளியான வைற் அறிக்கைக்கு 400இற்கு மேற்பட்டோர் தம் அனுபவங்களைச் சமர்ப்பித்தனர். காயத்தோடு பயிற்சி செய்வித்தல், உடல் நிறையைக் கூறி அவமதித்தல், உணவையும் நீரையும் மறுத்தல் ஆகியவை அதிற் பதிவாகியுள்ளன. அமெரிக்கத் தேசிய அணியின் மருத்துவராயிருந்த லறி நாசர், 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றமொன்றில் 40 முதல் 175 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை பெற்றான். 150இற்கு மேற்பட்ட பெண்கள் அம்மன்றில் வாக்குமூலம் அளித்தனர். அவனது குற்றங்கள் நிகழ்ந்த இடங்களுள் ஒன்று, தேசிய அணித் தெரிவுகள் நடைபெற்ற ரெக்சாஸ் பயிற்சி நிலையமாகும். எவருடைய குறிப்பேட்டில் எதிர்காலம் எழுதப்பட்டுள்ளதோ, அவருடைய இல்லத்தில் இருந்துகொண்டு முறையிடும் துணிவு எந்தச் சிறுமிக்கு வரும்?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என மறுப்போர் கேட்பர். வளையட்டும், ஐந்திலேயே வளையட்டும். இளமையிற் பயிலத் தொடங்குதல் வேறு, இளமையிலேயே வடிகட்டப்படுதல் வேறு. முன்னையதை யாம் எதிர்க்கவில்லை. பின்னையது இன்றியும் சாதனை சாத்தியமென்பதை வரலாறு காட்டுகின்றது. 1992இல் பார்சலோனாவில் தொடங்கிய ஒக்சானா சுசோவித்தினா, 2021இல் தோக்கியோவில் 46 வயதில் தமது எட்டாவது ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். அதே தோக்கியோவில் 24 வயதுச் சிமோன் பைல்ஸ், தம் மனமும் உடலும் ஒத்திசையவில்லையென்று கூறிப் போட்டிகள் பலவற்றினின்றும் விலகினார். 2024இல் பாரிஸில் 27 வயதில் மீண்டும் ஒட்டுமொத்தச் சாம்பியனானார். மறுக்கும் உரிமையுள்ள வளர்ந்த பெண்ணும் வெல்ல முடியும் என்பதற்கு இதுவே சான்று.

இடமும் கருவியும் பயிற்றுநரும் குறைவாதலின் தெரிவு தவிர்க்கவியலாததென்பது மற்றொரு வாதம். பற்றாக்குறை உண்மையே. ஆயின் பற்றாக்குறையைப் பதிவு வரிசையாலும், சுழற்சி முறையாலும், ஏன், சீட்டுக் குலுக்கலாலுங்கூடப் பங்கிடலாம். சீட்டு விழாத குழந்தை துரதிர்ஷ்டத்தை நோகும். 'நீ தகுதியற்றவள்' என்னும் சொல்லைச் சுமந்து வீடு திரும்பாது.

பத்து வயதிற் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதி, அதன் பெறுபேற்றால் அளக்கப்பட்டு வளர்ந்த எமக்கு இந்நோய் அந்நியமானதன்று. வடிகட்டலின் மறுகரையை அடைந்தோர் வடிகட்டியைப் புகழ்வது எளிது. பல்கலைக்கழகத்திலிருந்து எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

பன்னிரண்டு வயதுவரை எக்கழகமும் புள்ளியிட்டுப் பிள்ளைகளை விலக்கலாகாது. ஓராண்டின் முழுச் செலவும் சேர்வதற்கு முன்பே எழுத்திற் தரப்படல் வேண்டும். பயிற்றுவிப்போர் கையிற் தெரிவதிகாரம் இருத்தலாகாது. முறைப்பாட்டை விசாரிப்போர் கழகத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும். இவற்றாற் பதக்கங்கள் குறையுமெனின் குறையட்டும். ஒரு குழந்தையின் முள்ளந்தண்டுக்கு ஈடான பதக்கம் எந்த உலோகத்திலும் வார்க்கப்படவில்லை.