முட்டுக்கட்டையும் ஒரு பாடம்தான்

செம்பவாங் பெருவிரைவு ரயில் நிலையத்தில் ரயில் வந்து நிற்கிறது. அதை நிறுத்தியது எது என்று கேட்டால், ‘பிரேக்’ என்று உடனே சொல்லிவிடுவோம். பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் குறைக்கிறது. ரயிலின் வேகத்தைக் குறைப்பது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வு. எஃகின்மேல் எஃகு உருளும்போது அந்தப் பிடிப்பு குறைவு. மழையில் நனைந்தால் இன்னும் குறையும்.

உராய்வு நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். ‘இயக்கத்தை எதிர்க்கும் விசை’ என்ற விடையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், அதைக் கையால் செய்து உணர்ந்தவர்கள் எத்தனை பேர்?

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பலகை, ஒரு பென்சில் பெட்டி, கொஞ்சம் நாணயங்கள், ஓர் அடிக்கோல் போதும். காலிப் பெட்டியைப் பலகைமேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். எந்த உயரத்தில் பெட்டி சறுக்கத் தொடங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அடுத்து, பெட்டியில் நாணயங்களை நிரப்புங்கள். இப்போது சீக்கிரம் சறுக்குமா, தாமதமாகச் சறுக்குமா? உங்கள் ஊகத்தை முதலில் எழுதி வைத்துவிட்டுத் தூக்குங்கள்.

பலருடைய ஊகம் பொய்த்துப்போகும். ஏறக்குறைய அதே உயரத்தில்தான் பெட்டி சறுக்கும். எடை கூடும்போது கீழே இழுக்கும் விசை கூடுகிறது. பலகையை அழுத்தும் விசையும், அதனால் உராய்வும் அதே விகிதத்தில் கூடுகின்றன. பெட்டியை ஒடுங்கிய நீளப் பக்கத்தில் வைத்தாலும் பெரிய மாற்றம் இராது. பிரான்சின் கியோம் அமோந்தோன் 1699ல் இதைச் சொன்னபோது அறிஞர்களே தயங்கினார்கள். சோதித்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்று முறை செய்தால் மூன்று அளவும் ஒன்றுபோல் வராது. பலகையில் தூசியா, கையில் ஈரமா, தூக்கிய வேகமா என்று காரணம் தேடும் இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது. விடைக்குறிப்பு அதைக் கற்றுத்தராது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். வகுப்பில் முடியாவிட்டால் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே செய்யலாம்.

தேரோட்டத்தின்போது சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் உராய்வை அறிந்தவர்கள் செய்யும் வேலை. அந்த முட்டுக்கட்டையைப் பேச்சில் வெறும் தடை என்றே ஆக்கிவிட்டோம். அது இல்லாமல் தேர் வீதியில் திரும்பாது, நிலைக்கும் வந்து சேராது. தவறிப்போகும் ஊகமும் மாணவருக்கு அப்படித்தான்.