இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்

பெங்களூரை அடுத்த பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். மனைவி, இரண்டு பிள்ளைகள். பீடி, சிகரெட் கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. இருக்கிற ஒரே ஆசை சினிமா. மாதத்துக்கு ஒரு படமாவது குடும்பத்தோடு தியேட்டரில் பார்த்துவிட வேண்டும். இப்படிப்பட்ட ரசிகர்கள் பீனியாவிலும் உண்டு; கோலார் தங்கவயலிலும் உண்டு.

இவர் படம் பார்க்கிற விதம்தான் விசித்திரம். பெங்களூரில் தியேட்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவரோ ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூருக்குப் போகிறார். அங்கே படம் பார்த்துவிட்டு, முறுக்கும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவு வீடு திரும்புகிறார்.

ஏன் இந்த அலைச்சல்? காரணம் இரண்டுதான். ஒன்று, விலை. மற்றொன்று, நேரம்.

கையைக் கடிக்கும் டிக்கெட்

தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட் இன்ன விலைக்கு மேல் போகக்கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கர்நாடகத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு நிலைத்ததில்லை. 2017-ம் ஆண்டில் 200 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது, நிற்கவில்லை. 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் முதல்-மந்திரி சித்தராமையா அதே 200 ரூபாய் உச்சவரம்பை மறுபடியும் அறிவித்தார். செப்டம்பர் 12-ந் தேதி, வரி நீங்கலாக 200 ரூபாய் என்று விதியும் வெளியானது. ஏழைகள் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி பதினோரு நாள்தான். செப்டம்பர் 23-ந் தேதி ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது.

மால் தியேட்டரில் டிக்கெட் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு 1,200 ரூபாய். இடைவேளையில் பிள்ளைகள் சோளப்பொரி கேட்டால் அதற்குத் தனிச் செலவு. ஆட்டோ வேறு. கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். "இதுக்கு ஊருக்குப் போறப்பவே பார்த்துக்கலாமே" என்று வீட்டுக்காரி சொல்வதில் என்ன தவறு?

2025 ஆகஸ்ட் 14-ந் தேதி ரஜினிகாந்த் நடித்த 'கூலி' வெளியானது. பெங்களூரில் முதல் நாள் சில இடங்களில் டிக்கெட் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. படத்தின் பெயர் கூலி. கூலிக்காரன் உள்ளே போக முடியவில்லை! துணிந்து பணம் கொடுத்தவர்களும் பிள்ளைகளை அழைத்துப் போக முடியவில்லை. வன்முறைக் காட்சிகளுக்காகப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ். ரஜினி படம் என்றால் பாட்டியும் பேரனும் ஒன்றாகப் போய் விசிலடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் குடும்பக் கூட்டத்தைப் படம் எடுத்தவர்களே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

பெரிய நடிகர்களின் படங்கள் பலவற்றிலும் இன்று இதே கதைதான். கத்தி, அரிவாள், துப்பாக்கி, காது கிழியும் சத்தம். ஒரு நடிகருக்காக ஐந்து மொழி நடிகர்களைக் கூட்டி வந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கிறார்கள். கதைக்குத்தான் நேரம் இருப்பதில்லை.

மனதில் நின்ற படங்கள்

அப்படியானால் நல்ல படமே வருவதில்லையா? வருகிறது. தாராளமாக வருகிறது. ஆனால் வந்த சுவடு தெரியாமல் போகிறது.

2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' ஓர் உதாரணம். ஊர் மைதானத்தில் ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடும் இரண்டு பேரின் வீம்புதான் கதை. பெயிண்ட் அடிக்கும் மாமனார், அவர் பெண்ணை விரும்பும் இளைஞன், இருவருக்கும் நடுவில் ஆட்டம். டீமில் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக்கூடாது என்பதில் சாதி எப்படி நுழைகிறது என்பதைப் பிரசங்கம் செய்யாமல் காட்டினார் டைரக்டர் தமிழரசன் பச்சமுத்து. விஜயகாந்த் பாட்டு ஒலித்தபோது தியேட்டரே எழுந்து ஆடியது. ஊர் மைதானத்தில் ஆடி வளர்ந்தவர்களுக்கு அது படமல்ல, பழைய ஞாயிற்றுக்கிழமை.

2025 மே முதல் நாள் வந்தது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பத்தின் கதை. பேச்சு காட்டிக் கொடுத்துவிடும் என்று வாயைத் திறக்கப் பயப்படுகிறார்கள். வேற்று மாநிலத்தில் பிழைக்கப் போனவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. காவிரித் தகராறு வந்த நாட்களில் பஸ்ஸில் தமிழில் பேசத் தயங்கியவர்கள்தானே அவர்கள்! கடைசிப் பகுதியில் எல்லோருமே நல்லவர்களாகிவிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரன் நல்லவனாக இருக்கக்கூடும் என்று சொல்லும் படம் இந்தக் காலத்தில் தேவையாக இருக்கிறது.

அதே ஆண்டு ஜூலையில் வந்த '3 பிஎச்கே' படத்தைக் குமாஸ்தாக்கள் பார்த்திருக்க வேண்டும். சொந்த வீடு வாங்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் கணக்குப் போடும் குடும்பம். சேர்த்த பணம் ஒவ்வொரு முறையும் வேறொரு செலவில் கரைகிறது. சரத்குமாரின் முகத்தில் தெரியும் அந்தச் சோர்வு, மாதக் கடைசியில் பல வீடுகளில் தெரியும் சோர்வுதான்.

தங்கவயல் ரசிகர்களுக்கு ஒரு தனிக் குறை உண்டு. அவர்கள் ஊரின் பெயரில் 2018-லும் 2022-லும் வந்த கன்னடப் படங்கள் இந்தியா முழுதும் ஓடின. அவற்றில் சுரங்கத் தொழிலாளி வெறும் அடிமைக் கூட்டம். கதாநாயகன் வந்து காப்பாற்ற வேண்டிய கூட்டம். 2024 ஆகஸ்டில் பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது, வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தோண்டப் போன முன்னோர்களின் கதை என்று ஆவலோடு போனார்கள். விக்ரம் உடலை வருத்தி நடித்தார். முதல் பாதி நன்றாகவே இருந்தது. பிறகு மாயமும் மந்திரமும் வந்து கதையை மூடிவிட்டன. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்களே, அவர்கள் கதையை யார் எடுப்பார்கள்?

ராத்திரி பத்து மணிக் காட்சி

நல்ல சிறிய படம் வெளியூரில் எப்படி வருகிறது? பெரும்பாலும் ஏதோ ஒரு மாலில், காலை பத்து மணிக்கு அல்லது இரவு பத்து மணிக்கு, ஒரே ஒரு காட்சி. காலையில் தொழிலாளி ஷிப்டில் இருக்கிறான். இரவுக் காட்சி முடிந்தால் வீடு திரும்ப பஸ் இல்லை. வெள்ளிக்கிழமை வந்த படம் நன்றாக இருக்கிறது என்று டீக்கடையிலும் கேன்டீனிலும் பேச்சு பரவ நாலைந்து நாள் ஆகிறது. சரி, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைத்தால், அதற்குள் வியாழக்கிழமையே படம் தூக்கப்பட்டு விடுகிறது.

கூட்டம் வராத படத்தை எப்படி ஓட்டுவது என்று தியேட்டர்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மின்சாரக் கட்டணமும் சம்பளமும் அவர்கள் கொடுத்தாக வேண்டும். பெங்களூரின் காவேரி தியேட்டர் ஐம்பது வருஷம் ஓடிவிட்டு 2024-ல் மூடப்பட்டது. கபாலி தியேட்டர் அதற்கு முன்பே போய்விட்டது. ஆனால் 'லப்பர் பந்து', 'டூரிஸ்ட் ஃபேமிலி' இரண்டுமே முதல் நாள் கூட்டத்தால் ஜெயித்த படங்கள் அல்ல. பார்த்தவர் சொல்லி, கேட்டவர் போய், கூட்டம் ஏறிய படங்கள். வாய்ப்பேச்சு வேலை செய்ய அவகாசம் கொடுத்தால் பணமும் வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

விலையும் நேரமும் போதாதென்று சில சமயம் அரசியலும் குறுக்கே வருகிறது. தமிழிலிருந்து கன்னடம் பிறந்தது என்று கமல்ஹாசன் பேசியதால், 2025 ஜூன் 5-ந் தேதி 'தக் லைஃப்' கர்நாடகத்தில் வெளியாகவில்லை. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தைத் திரையிட விட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்வதற்குள் படத்தின் சூடு ஆறிவிட்டது. அடித்துப் பிடித்து ஓசூர் போனவர்களில் பலருக்கு, படம் பஸ் சார்ஜுக்கு ஈடாகவில்லை என்ற வருத்தம் வேறு. மொழி யாருக்கும் தாழ்ந்ததல்ல. பேசுகிறவர்கள் நிதானமாகப் பேசினால், பிழைக்க வந்தவன் நிம்மதியாக இருப்பான்.

இதில் தமிழன், கன்னடன் என்ற பேதமும் இல்லை. சிறிய கன்னடப் படமும் இதே பத்து மணிக் காட்சியில்தான் சாகிறது. 200 ரூபாய் உச்சவரம்பு வேண்டும் என்று கேட்டவர்களில் கன்னடத் திரையுலகினரே முன்னணியில் நின்றார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

கேட்பது பெரிதல்ல. தொழிலாளர் வாழும் பகுதிகளில், நல்ல பெயர் எடுத்த சிறிய படத்துக்கு ஒரு மாலைக் காட்சி. வாரத்தில் ஒரே நாள் லீவு உள்ளவனுக்காக, குறைந்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கட்டுப்படியாகும் டிக்கெட். 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மலிவு டிக்கெட் வேண்டும் என்பது மத்திய சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது. விநியோகஸ்தர்களுக்குத் தெரியாதா?

ரசிகர்களுக்கும் கடமை உண்டு. நாலு வாரம் பொறுத்தால் செல்போனில் வந்துவிடும் என்று உட்கார்ந்துவிட்டு, தியேட்டரில் நல்ல படம் இல்லையே என்று புலம்பக்கூடாது. திருட்டுப் பிரதியில் பார்ப்பது அதைவிட மோசம். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் நூறு பேரைச் சேர்த்து, ஒரு காட்சிக்கு மொத்தமாக டிக்கெட் கேட்டால், எந்த மானேஜரும் கதவைச் சாத்த மாட்டார்.

செல்போனில் படம் பார்க்கலாம். ஆனால் தனியாகத்தான் பார்க்க முடியும். முன்னூறு பேர் இருட்டில் உட்கார்ந்து ஒரே வசனத்துக்குச் சிரிப்பது தியேட்டரில்தான் நடக்கும். வாரமெல்லாம் வேற்று மொழியில் பேசிப் பிழைப்பவனுக்கு, தன் மொழியில் வாய்விட்டுச் சிரிக்க ஓர் இடம் வேண்டும். அதற்கு அவன் எல்லை தாண்டிப் போக வேண்டியிருக்கக்கூடாது.